இருநூற்றுப் பதினேழாம் ஆணி

நூற்று முப்பத்தேழு ஏசடியான், நூற்று முப்பத்தெட்டு கோதண்டம், நூற்று நாற்பது பொன்னுரங்கம். நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. காலையில் பல் விளக்கும்போது ஆரம்பித்த இழவு இது. வாயில் நுரையோடு நின்றுகொண்டு நூற்று முப்பத்தொன்பது, நூற்று முப்பத்தொன்பது என்று முனகினால், என் சம்சாரம் தனபாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு இப்ப கூட்டத்துல காணாமப்போன ஆடு மாதிரி முழிக்கிறே, வாயக் கொப்புளி" என்றாள். கொப்புளித்தேன். பெயர் வரவில்லை. இட்லி வைத்தாள், இரண்டு தின்றேன், மூன்றாவது உள்ளே போகவில்லை. எனக்கு எழுபத்து மூன்று வயது. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் நம்பரும் பெயரும் எனக்குப் பாடம். இந்த ஊரில் யார் வீட்டு உலையில் என்ன வேகிறது என்று தெரியாது, யாருக்கு எந்த ஆணி என்று தெரியும். அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று மட்டும் வராமல் அடம்பிடிக்க இன்றைக்குத்தானா நாள் பார்த்தது? மணி ஒன்பதே முக்கால். ஆபீசர்ஸ் கிளப்பின் பெரிய ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் இதற்குள் ஒரே ஒரு தரம் வந்திருக்கிறேன், சோடா பெட்டி தூக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக. இப்போது முன்வாசல் வழியாக வந்தேன், முன்வாசலுக்குக் கதவில்லை, எவனோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். மேடையில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஆர்.ஐ. அம்மா இன்னும் வரவில்லை, அவருடைய தண்ணீர் பாட்டில் மட்டும் வந்திருக்கிறது.

ஆர்.ஐ. அம்மா என்றால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். கண்ணாடி போட்டவர், சிரிக்கத் தெரியாதவர், ஆனால் நியாயமானவர். சென்ற வாரம் லைன் வீடுகளுக்கெல்லாம் வந்து சொல்லிவிட்டுப் போனார். பொன் சுரங்கம் மூடி இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று, கம்பெனி வீடுகளில் இன்னும் குடியிருக்கிற பழைய தொழிலாளிகளுக்கு அந்த வீட்டையே பட்டா போட்டுத் தரச் சொல்லி அரசாங்க உத்தரவு, வேலை பார்த்ததற்குச் சான்றாக டோக்கனைக் காட்ட வேண்டும். டோக்கன் என்றால் பித்தளை வில்லை, எட்டணா அகலம், நடுவில் நம்பர் வெட்டியிருக்கும், மேலே ஓர் ஓட்டை. சொன்னதும் சனங்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூடத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. பொன்னுரங்கம்தான், கீழே மரச்சட்டம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், "எங்கம்மா டோக்கனு? எல்லாத்தையும் நம்ம மாசிலாமணி துரை ஆணியில மாட்டி அழகு பாத்துட்டாரு" என்றான். ஆர்.ஐ. அம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒரு வழி சொன்னார். டோக்கன் இல்லாத அறுபத்து நாலு குடும்பத்துக்கும் டோக்கன் ஆபீஸில் இருந்த நான் வந்து சாட்சி சொல்ல வேண்டும், அவரிடம் நம்பரும் பெயரும் போட்ட பழைய லிஸ்ட் ஒன்று இருக்கிறது, அது மட்டும் சான்றாகாது, அதைப் பார்க்காமல் அவர் கேட்கிற நம்பருக்கெல்லாம் நான் பெயர் சொல்ல வேண்டும், ஒன்று தப்பினாலும் சாட்சி செல்லாது, வெளியூர்க்காரர்கள் எழுபது பேர் பொய் மனு போட்டிருக்கிறார்கள், அவருக்கு வேறு வழியில்லை என்றார். அறுபத்து நாலு வீடு என் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. நாக்கோ நூற்று முப்பத்தொன்பதில் வழுக்குகிறது.

நம்பரில் தப்பமாட்டேன், வந்துவிடும். ஏசடியானுக்கு முன்பல் இல்லை, கோதண்டம் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே வருவான், அடுத்து ஒரு கை நீளும், அந்தக் கை யாருடையது? எட்டாம் நம்பர் ஷாஃப்ட், ஆள் இறங்குகிற குழி, அதன் வாசலில் என் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் பலகை, பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு ஆணி, ஆணிக்கொரு வில்லை. காலையில் ஆள் வந்து நம்பரைச் சொல்லுவான், நான் வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைப்பேன், அவன் "எறங்குறேன்" என்பான். சாயங்காலம், சாயங்காலம் என்ன, மூன்று மணி, சங்கு ஊதினதும் ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டிலிருந்து சேறாக வந்து, நம்பரைச் சொல்லி வில்லையை வைத்து "ஏறிட்டேன்" என்பான். நான் ஆணியில் மாட்டிவிட்டு "வூட்டுக்குப் போ" என்பேன். நான் அப்படிச் சொல்லாமல் ஒருத்தனும் ஜன்னலைவிட்டு நகரமாட்டான். எந்தத் துரையும் போட்ட சட்டமில்லை அது, எனக்கு முன்னால் இருந்தவரும் சொன்னார், அவருக்கு முன்னால் இருந்தவரும் சொன்னாராம். ஆணியில் வில்லை இருந்தால் ஆள் மேலே. ஆணி காலி என்றால் ஆள் உள்ளே. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைகளுக்குக்கூடத் தன் புருஷன் ஆணி எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது என்று தெரியும். ஏதாவது அதிர்ந்தால் ஓடிவந்து ஜன்னல் வழியாக அந்த ஓர் ஆணியைத்தான் பார்ப்பார்கள். அதனால் டோக்கன் வீட்டில் இரவு தங்கக் கூடாது. வீட்டில் டோக்கன் இருந்தால் ஆணி காலி, ஆணி காலி என்றால் ஆள் மண்ணுக்குள். பேச்சுக்குக்கூட யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ராயப்பனைத் தவிர.

அவனை இப்போது எதற்கு இழுக்கிறேன். நூற்று முப்பத்தொன்பது. நாலாவது வரிசை. பலகை தேக்கு, வெள்ளைக்காரன் காலத்தது, ஜில்லா தலைநகரில் லாந்தர் வெளிச்சத்தில் கச்சேரி நடந்தபோது எங்கள் செம்பாறையில் கரண்ட் விளக்கு எரிந்தது என்பார்கள், அந்த வருஷத்துப் பலகை. வடாற்காட்டில் பஞ்சம் வந்து கால்நடையாக வந்தவர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்துப் பொன் வெட்டச் சொன்னான். எட்டாயிரம் பேர், பதினாலு லைன், இரண்டு சினிமாக் கொட்டகை, பிரசவத்துக்குத் தனி ஆஸ்பத்திரி, பாண்டு வாத்தியம். பொண்ணு கொடுக்கிறவர்கள் செம்பாறை மாப்பிள்ளை என்றால் சாதகம் பார்க்கமாட்டார்கள், சம்பளச் சீட்டைப் பார்ப்பார்கள், மாப்பிள்ளை நாற்பது வயதில் இருமப்போவதை யாரும் பார்க்கமாட்டார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை, அழவும் ஒன்றுமில்லை. பொன் கீழே கீழே போயிற்று, நாங்களும் பின்னாலேயே கீழே கீழே போனோம், ஒரு நாள் டன்னுக்கு ஒரு பொட்டுக்கூடத் தேறவில்லை என்று கணக்குச் சொன்னார்கள். முதலாம் நம்பர் மூடினபோது ஊரே அழுதது, ஐந்தாம் நம்பர் மூடினபோது சினிமா பார்க்கப் போனது. கடைசியாக எங்கள் எட்டு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள், இந்த யானை இறந்த பிறகு மிச்சம் வைத்தது வெள்ளை மணல் மலை மட்டும்தான். அரைத்துப் பொன் எடுத்துவிட்டு விஷத்தண்ணீரோடு கொட்டின மணல், அதில் புல்கூட முளைக்காது, ஆடி மாதக் காற்றில் கிளம்பி வந்து சோற்றில் உட்காரும். பையன்களெல்லாம் விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் யார் வீட்டுக் கேட்டையோ காக்கிறார்கள். பேர் சொல்லி ரயிலில் எல்லாரையும் எண்ணிவிடலாம். ஏறிட்டேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ராயப்பன் சம்சாரம் சலேத்மேரி வந்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து முந்தானையை முழங்காலில் இழுத்து வைத்துக்கொண்டாள். முந்தானை முனையில் ஒரு முடிச்சு. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், எப்போதும் அசைக்கிற அதே அளவுக்கு, ஒரு கடுகு கூடுதலுமில்லை குறைவுமில்லை. இவளுக்கு இங்கே என்ன வேலை? இந்த ஊரிலேயே டோக்கன் வைத்திருக்கிற ஒரே ஆள் இவள். இருநூற்றுப் பதினேழு. ராயப்பனின் சட்டைப்பையில் இருந்தது, ஆஸ்பத்திரியில் சட்டையோடு சுருட்டி இவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இவளுக்கு என் சாட்சி வேண்டாம். டோக்கனைக் காட்டினால் வீடு. அறுபத்து நாலு பேர் சோற்றில் மண் விழுந்தாலும் இவள் வீட்டுக் கூரை நிற்கும். அப்படியென்றால் எதற்காக ஒன்பதே முக்காலுக்கே வந்து உட்கார வேண்டும்? எனக்குத் தெரியும் எதற்கென்று. தெரியாது. தெரியும்.

அந்தத் தாள். சென்ற வாரம் ஆர்.ஐ. அம்மா பையிலிருந்து எடுத்துக் காட்டினாரே, ராயப்பன் செத்ததற்கு நடந்த விசாரணையில் நான் எழுதிக் கொடுத்ததன் நகல். "ஐயா, ரிஜிஸ்டர் எல்லாம் கரையான் தின்னுடுச்சு, நீங்க டோக்கன் ஆபீஸ்ல இருந்தீங்கங்கிறதுக்கே எங்ககிட்ட இருக்கிறது இந்த ஒரு தாள்தான். உங்க கையெழுத்துதானேன்னு எல்லார் முன்னாடியும் கேட்பேன், இதுல இருக்கிறது உண்மைதானேன்னும் கேட்பேன், ஆமான்னு சொல்லிடுங்க, அவ்வளவுதான்." அவ்வளவுதான். கையெழுத்து என்னுடையதுதான். மாசிலாமணி என்பதில் கடைசிச் சுழியை நீளமாக இழுப்பேன், இழுத்திருக்கிறது. அதற்கு மேலே, முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதினது, இருநூற்றுப் பதினேழாம் எண் ஆணி காலியாக இருந்ததை மூன்று முப்பத்தைந்து மணிக்கு ஷிப்ட் பாஸுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். அறிவிக்கவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரன் இல்லை போலிருக்கிறது, முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

நூற்று முப்பத்தேழு ஏசடியான். ஏசடியான் செத்தபோது மழை. கோதண்டத்தின் மகன்தான் இப்போது கோழிக்கடை வைத்திருக்கிறான், அவனும் அதோ உட்கார்ந்திருக்கிறான், கையில் கோழி வாசனை இங்கே வருகிறது. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வீடு போனால் எங்கே போவான்? பொன்னுரங்கம் பக்கத்து நாற்காலியில் வந்து பொத்தென்று விழுந்து, "இன்னா மாசிலா, ரெடியா? மேடையேறி மறந்துபூட்டேன்னு சொன்னேன்னு வெச்சுக்க, உன்னை ஷாஃப்டுக்குள்ள தள்ளிடுவேன், டோக்கன்கூடக் குடுக்கமாட்டேன்" என்றான். சிரித்தேன். அவன் என் தொடையில் தட்டி, "பயந்துகினு கீறியா?" என்றான், வேறு குரலில். இல்லை என்றேன். "நூத்தி முப்பத்தொம்போது யார்டா?" என்று கேட்டேன். அவன் யோசித்தான். "எனக்கு முன்னாடி யாரு... கோதண்டம் இல்ல?" கோதண்டம் முப்பத்தெட்டுடா. "அப்ப எனக்குத் தெரியாது, என் நம்பரே பேரப்புள்ள போன்ல எழுதி வெச்சிருக்கான்" என்றான். அவன் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் மணல் சலிக்கிற சத்தம். முட்டுக்கொடுத்தவனுக்கு முட்டுக்கொடுக்க ஆளில்லை.

ராயப்பன் இரண்டு தரம் டோக்கனை வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறான். கெட்ட எண்ணமில்லை, மறதி. ஜன்னலில் கூட்டமாக இருந்தால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நேராக நடந்துவிடுவான். முதல் தரம் மறுநாள் திட்டினேன். இரண்டாம் தரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு நாலாம் லைனுக்கே போனேன், ஐந்து நிமிஷத் தூரம். சோறு தின்றுகொண்டிருந்தான். வாசலில் நின்று கத்தினேன். அவன் எழுந்திருக்கவில்லை, சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்துத் தரையில் வைத்து, "வா மாசிலா, நீயும் ஒரு வாய் துன்னு. டோக்கனுக்கும் ஒரு தட்டு வெக்கச் சொல்லட்டா?" என்றான். லைனே சிரித்தது. சலேத்மேரியும் சிரித்தாள், கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு. அப்புறம் ஒரு மாதம் ஜன்னலுக்கு வருகிறவனெல்லாம் "டோக்கன் சாப்ட்டுச்சா?" என்றுதான் கேட்டான். எனக்கு உள்ளே எரிந்தது, சின்ன விஷயம்தான், ஆனாலும் எரிந்தது. மூன்றாம் தரம், அந்த வெள்ளிக்கிழமை, சங்கு ஊதி அரைமணி ஆகியும் இருநூற்றுப் பதினேழு காலி. சட்டம் என்னவென்றால் மூன்றரைக்குள் எல்லா ஆணியும் நிறையாவிட்டால் உடனே கைப்பிடி சுற்றுகிற அந்தப் போனை எடுத்து அந்த ஷிப்டுக்கு அதிகாரியான ஷிப்ட் பாஸுக்குச் சொல்ல வேண்டும், நாலு மணிக்கு வெடி வைப்பதை நிறுத்துவார்கள், ஆளைத் தேடுவார்கள். போனைப் பார்த்தேன். நாலாம் லைனை நினைத்தேன். போய் வாசலில் நின்றால் மறுபடி சிரிப்பார்கள், போனில் சொல்லி வெடியை நிறுத்தி அப்புறம் அவன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தால் கம்பெனியே சிரிக்கும். நாளைக்கு வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நல்ல வெயில். பல் குத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றே முக்காலுக்கு ஜன்னலில் சலேத்மேரி. "மாசிலாண்ணா, அவரு இன்னும் வூட்டுக்கு வரல." அவள் எட்டி ஆணியைப் பார்க்கப் பார்த்தாள், நான் நாற்காலியை நகர்த்தி மறைத்தேனா, இல்லையா, அது மட்டும் எத்தனை நினைத்தாலும் தெளிவாக வரமாட்டேன் என்கிறது. ஆனால் சொன்னது தெளிவாக இருக்கிறது. "டோக்கனைப் பையில போட்டுகினு பூட்டாம்மா வழக்கம்போல. கடைத்தெருவுல கேரம் ஆடிகினு இருப்பான், போய்ப் பாரு." அவள் போனாள். கேரம் போர்டு, டீக்கடை, சலூன், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போயிருப்பாள், மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே. அவன் கீழே, பழைய சுரங்கப் பாதை ஒன்றில், காய்ச்சலோடு சாக்கைப் போர்த்திப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு வெடித்தார்கள். பலகையில் நானூற்றுப் பதினொரு வில்லையும் சலசலத்தது. தினமும் சலசலக்கும், அன்றைக்கு நிற்கவில்லை, பாறை இறங்கினால்தான் அப்படி நிற்காமல் சலசலக்கும். நான் போனைச் சுற்றினது நாலு ஐந்துக்கு. விசாரணையில் தாளை நீட்டினார்கள், என்ன நேரம் என்றார்கள், மூன்று முப்பத்தைந்து என்று எழுதினேன். பேனா ஓடியது. ஷிப்ட் பாஸ் அதற்குள் செத்துப்போயிருந்தார், தேடக் கீழே போனவர், அதனால் மறுத்துச் சொல்ல யாருமில்லை. இவளைத் தவிர. இவள் விசாரணைக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை? முப்பத்தொரு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவளிடமில்லை, என்னிடம். ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை கொடுத்தார்கள் அவளுக்கு, ஒன்பது வருஷம் என் ஜன்னலைத் தாண்டித்தான் போனாள், வந்தாள், தலையை அசைத்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தட்டில் கல்கல் பலகாரம் அனுப்புகிறாள். என்ன நினைத்து அனுப்புகிறாள் என்று தெரியாமல் தின்கிறேன். நன்றாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் நான் பிசாசாகிவிட்டேன். ஒரு வில்லை ஐந்து நிமிஷம் தாமதமானால் போனைச் சுற்றினேன், பைகளைத் தடவினேன், சைக்கிளில் துரத்தினேன், பேதியாகிக் கக்கூஸில் இருந்தவனைக் கதவைத் தட்டி வில்லை வாங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. இருநூற்றுப் பதினேழாம் ஆணியை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். சுரங்கம் மூடுகிற கடைசி நாள், ஒவ்வொருத்தனும் ஞாபகத்துக்கு வில்லையை எடுத்துப்போகிறேன் என்றான், பொன்னுரங்கம் கெஞ்சினான். விடவில்லை. "ஆணியில மாட்டாம ஒருத்தனும் நகரக் கூடாது, வூட்டுல டோக்கன் தூங்கினா ஆள் உள்ள கீறான்னு அர்த்தம்." நான் கத்தினதால் மட்டுமில்லை, அவர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது, ஒவ்வொருத்தனாக வந்து நம்பரைச் சொல்லி, "ஏறிட்டேன்" என்று வைத்துவிட்டுப் போனான். சிலர் அழுதார்கள். நான் ஒவ்வொருத்தனுக்கும் வூட்டுக்குப் போ என்றேன். ஓர் ஆணி போக மற்றதெல்லாம் நிறைந்து பலகை பளபளவென்று இருந்தது, பூட்டி சாவியைக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் பழைய இரும்போடு பலகையும் ஏலம் போயிற்று, பித்தளையை உருக்கிவிட்டார்கள். எந்தப் புத்தி கெட்ட ஊராவது கடைசி நாளில் தன் கையிலிருந்த ஒரே சாட்சியைத் தானே கொண்டுவந்து ஒப்படைக்குமா? எங்கள் ஊர் ஒப்படைத்தது. நான் வாங்கி மாட்டினேன்.

ஆர்.ஐ. அம்மா வந்துவிட்டார். எல்லாரும் எழுந்தோம், உட்கார்ந்தோம். மைக் இல்லை, தேவையுமில்லை, ஈ பறந்தால் கேட்கும். மேஜைக்கு எதிரே என்னைக் கூப்பிட்டார். முதுகுக்குப் பின்னால் அறுபத்து நாலு குடும்பம். "பன்னிரண்டு?" வேதமாணிக்கம். "எண்பத்தெட்டு?" சின்னசாமி, கறுப்பு சின்னசாமி, சிவப்பு சின்னசாமி தொண்ணூற்றொன்று. யாரோ சிரித்தார்கள். "முந்நூற்று ஐந்து?" குருநாதன். லிஸ்டில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். நாக்கு தானாக ஓடிற்று, ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. இருபது, முப்பது நம்பர் கேட்டிருப்பார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நூற்று முப்பத்தொன்பது?" என்றார். வந்தது. காலையிலிருந்து வாலைப் பிடித்து இழுத்ததெல்லாம் வீண், வந்து நிற்கிறது எதிரே. கண்ணை மூடினேன். பெயரைத் தேடாமல் கையைத் தேடவிட்டேன். நாலாவது வரிசை, கோதண்டம் வில்லையை எடுக்கிறேன், விரல் நகர்கிறது, ஆணி தட்டவில்லை, வழவழவென்று மரக்கணு. தேக்கில் கணு. ஆசாரி இரண்டு ஆணி அடித்து இரண்டும் வளைந்து, போடா என்று விட்டுவிட்ட இடம். "அங்க ஆணியே கெடையாதும்மா. நம்பரும் யாருக்கும் குடுக்கல." அவர் லிஸ்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார், சிரிக்கத் தெரிந்தவர்தான். "இங்கயும் காலியாத்தான் இருக்கு" என்றார். பின்னால் பெருமூச்சு. இல்லாத ஆணியைக் காலையிலிருந்து கட்டிக்கொண்டு அழுதது எதற்கு என்று இப்போது புரிந்தது, இருக்கிற ஆணியை நினைக்காமலிருக்க.

தாளை எடுத்தார். "இது உங்க கையெழுத்துதானே?" ஆமாம்மா. உரக்க வாசித்தார், இருநூற்றுப் பதினேழு, ராயப்பன், மூன்று முப்பத்தைந்து மணிக்கு. "இதுல எழுதியிருக்கிறது உண்மைதானே?" உண்மையைச் சொல்லிவிடலாம். எவ்வளவு நன்றாக இருக்கும். முப்பத்தொரு வருஷத்துக் கல்லை இறக்கி இந்த மேஜையில் வைத்துவிட்டு இலேசாக வீட்டுக்குப் போகலாம், ஆனால் போக வீடிருக்காது, எனக்கு மட்டுமில்லை, கோதண்டத்தின் மகனுக்கு, பொன்னுரங்கத்துக்கு, மணல் சலிக்கிற அந்த நெஞ்சுக்கு. பொய்த் தாள் எழுதினவன் சாட்சி எப்படிச் செல்லும்? என் மனசு சுத்தமாக அறுபத்து நாலு அடுப்பை அணைக்க வேண்டும். அன்றைக்கு என் மானம் பெரிதென்று ஓர் ஆளை விட்டேன், இன்றைக்கு என் பாவம் பெரிதென்று ஊரை விடுவதா? ஆனால் அவள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நேராகவே, இரண்டாம் தரம். "உண்மைதாம்மா" என்றேன். ஜன்னல் குரலில், தெளிவாக வந்தது. தூ என்று எனக்கே இருந்தது.

நாற்காலி நகர்கிற சத்தம். திரும்பாமலே தெரிந்தது யார் என்று. அவள் நடந்து வருகிறாள், செருப்பை வாசலில் விட்டிருக்கிறாள், வெறுங்கால் சத்தம். சொல்லப்போகிறாள். சொல்லட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது, கடைத்தெரு முழுக்க அலைந்த கால் அது. மேஜை பக்கத்தில் வந்து நின்றாள். ஆர்.ஐ. அம்மா, "நீங்க?" என்றார். "ராயப்பன் சம்சாரம்." "இவர் சொன்னதைக் கேட்டீங்களா? நீங்க ஏதாவது சொல்லணுமா?" சலேத்மேரி முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். வில்லையை எடுத்தாள். பித்தளை கறுத்துப்போயிருந்தது, நம்பர் மட்டும் தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்தது. அதை ஆர்.ஐ. அம்மா முன்னால் வைக்கவில்லை. என் முன்னால் வைத்தாள்.

"இருநூத்திப் பதினேழு" என்றாள். "ஏறிட்டாரு."

பொன்னுரங்கத்தின் நெஞ்சுகூட நின்ற மாதிரி இருந்தது. ஆர்.ஐ. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, "டோக்கன் இருக்கிறவங்க தனியா அந்த டேபிள்ல காட்டணும்மா" என்றார். அவள் நகரவில்லை. நான் வில்லையை எடுத்தேன், அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது. கை தானாக மேலே போயிற்று, ஆறாவது வரிசை உயரத்துக்கு. அங்கே காற்றுதான் இருந்தது. கையை இறக்கி வில்லையை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்த்தபடி, ஜன்னலில் நிற்கிற மாதிரி. அப்புறம்தான் எதற்கு நிற்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு தரம் கனைத்துக்கொண்டேன்.

"வூட்டுக்குப் போ ராயப்பா" என்றேன்.